கூண்டைப் பால்கனிக்குத் தள்ளாதீர்கள்: கினிப்பன்றி வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்



ஈ மொய்க்கிறது என்பதற்காக உங்களில் சிலர் கூண்டைத் தூக்கிப் பால்கனியில் வைத்துவிட்டீர்கள். சிலர் பறக்கும் பூச்சிகளுக்கான ஸ்ப்ரேயை வாங்கிவந்து கூண்டைச் சுற்றி அடித்தீர்கள். வேறு சிலர் அந்துருண்டையைத் துணியில் முடிந்து கூண்டின் மூலையில் கட்டினீர்கள். கீரையும் காயும் போடுவதால்தான் ஈ வருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வெறும் பெல்லட்டை மட்டும் போட்டுவருகிற வீடுகளும் உண்டு. ஈயை நினைத்து நீங்கள் செய்த இந்த நான்குமே ஈயைவிட அதிகமாக உங்கள் கினிப்பன்றியைத்தான் வருத்தும். அதை உங்களிடம் நேராகச் சொல்லவேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

உங்கள் சங்கடம் புரியாமல் இல்லை. சென்னையில் எழுநூறு, எண்ணூறு சதுர அடி வீட்டில், கூடத்தின் ஓரத்தில்தான் கூண்டுக்கு இடம். அங்கிருந்து நாலு எட்டில் சாப்பாட்டு மேசை. மாம்பழக் காலம் வந்தால் ஈக்கு ஏற்கெனவே குறைவில்லை. விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் காபி டம்ளர் விளிம்பில் ஒரு ஈ உட்கார்ந்துவிட்டால் எல்லார் பார்வையும் கூண்டுப் பக்கம் திரும்புகிறது. "அதைக் கொண்டுபோய் வெளியே வை" என்கிறார் வீட்டுப் பெரியவர். எதிர்வீட்டுக்காரர் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாற்றம் என்று எழுதுகிறார். குழந்தையின் பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிவந்த பிராணி, நாலே மாதத்தில் வீட்டில் எல்லாருக்கும் பாரமாகிவிடுகிறது.

பெரியவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஈ கழிவிலும் உட்காரும், சோற்றிலும் உட்காரும். 1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போரிட்டபோது படை முகாம்களில் டைபாய்டு பரவியது. விசாரிக்கப்போன ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் குழுவினர் கண்ட காட்சி மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது: கழிப்பறைக் குழிகளில் தூவிய சுண்ணாம்பு, சாப்பாட்டுக் கூடாரத்தில் உணவின் மேல் நடந்த ஈக்களின் கால்களில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆகவே ஈயைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. ஈ போகத்தான் வேண்டும். அதை எப்படிப் போகவைப்பது என்பதில்தான் வழக்கு.

முதலில் பால்கனி. கினிப்பன்றிக்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். ஆண்டீஸ் மலைநாட்டில் தோன்றிய இனம் அது; வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி அதற்கு இல்லை. 28, 30 டிகிரியைத் தாண்டினாலே வெப்பத்தாக்கு அபாயம் தொடங்கிவிடும். சென்னையில் மே மாதப் பகல் 40ஐத் தொடுவதை நீங்களே பார்க்கிறீர்கள். மேற்கு பார்த்த பால்கனியில் பொழுது சாய்ந்த பிறகும் சுவர் அனல் கக்கிக்கொண்டிருக்கும். அது ஒருபுறம் இருக்கட்டும். ஈத் தொல்லைக்குப் பயந்து நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில்தான் ஈ அதிகம். வீட்டுக்குள் வருபவை பெரும்பாலும் வீட்டு ஈயும் பழ ஈயும். வெளியே, பச்சையும் நீலமுமாக மினுமினுக்கும் பெரிய ஈக்கள் திரிகின்றன. கினிப்பன்றியின் உயிருக்கு உலை வைப்பவை அவை.

மாடு வளர்த்த குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்குப் "புண்ணில் புழு வைத்துவிட்டது" என்ற பேச்சு பழக்கமாக இருக்கும். அதே கதி கினிப்பன்றிக்கும் நேரும். மூத்திரத்தில் நனைந்து அழுக்கேறிய ரோமத்திலோ, சின்னஞ்சிறு காயத்திலோ இந்த ஈக்கள் முட்டையிடுகின்றன. முட்டை ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்கும் முன்பே பொரியும். வெளிவரும் புழு தோலை அரித்துச் சதைக்குள் இறங்கும். இந்தியாவில் பரவலாக இருக்கும் கிரைசோமியா பெஸ்ஸியானா என்ற ஈ செத்த உடலைத் தேடிப்போவதில்லை. உயிருள்ள விலங்கின் புண்ணில்தான் முட்டையிடும். மாட்டுக்கு அது ஒரு புண். ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு அது ஒரே நாளில் உயிர்ப்பிரச்சினையாகிவிடுகிறது. பிரிட்டனில் முயலும் கினிப்பன்றியும் வளர்ப்பவர்களைக் கால்நடை மருத்துவர்கள் கோடைதோறும் இதைச் சொல்லி எச்சரிக்கிறார்கள். அங்கே கோடை சில மாதங்கள்தான். இங்கே ஈக்கு ஆண்டு முழுவதும் கோடை.

பால்கனிக்குப் போன கூண்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கூடத்தில் இருந்தபோது வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஒரு தடவை எட்டிப்பார்ப்பீர்கள். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டால் காலையும் மாலையும் தீவனம் போடும் நேரம் மட்டும்தான். கினிப்பன்றி வேட்டையாடப்படும் இனம். நோவை வெளியே காட்டாது. சாப்பிடாமல் ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிற கண்தான் கண்டுபிடிக்கும்.

அடுத்தது ஸ்ப்ரே. இந்தப் புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. கூடத்தின் காற்றில் அடித்தால் அது தரைக்குத்தான் இறங்கும். கினிப்பன்றி வாழ்வது தரையில். ரோமத்தில் படிந்ததை நக்கும், வைக்கோலில் படிந்ததைத் தின்னும், அதன் சிறிய நுரையீரலுக்குள்ளும் போகும். சரி, ஈயாவது ஒழியுமா? பறக்கிற ஈ சாகும். மரத்தூளுக்கு அடியில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நாலைந்து நாளில் புதிய ஈக்கள் எழும்பும். மருந்துக்குப் பழகிக்கொள்வதில் வீட்டு ஈக்கு நிகர் இல்லை. டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறிந்ததற்காக பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். டிடிடிக்கு மசியாத வீட்டு ஈக்கள் அதற்கு முன்பே, 1946இல், ஸ்வீடனில் தலைகாட்டிவிட்டன.

அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் நஞ்சு. கற்பூரமும் அப்படியே. கினிப்பன்றியின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எட்டுகிற எதையும் அது கொறித்துப் பார்க்கும். துணி முடிச்சு அதற்கு ஒரு தடையே இல்லை. யூகலிப்டஸ் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் இயற்கைதானே என்று கூண்டுக் கம்பியில் தடவுகிறீர்கள். மூடிய அறையில் அந்தக் காரமான நெடி இருபத்துநாலு மணி நேரமும் அதன் மூக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. உங்களைப்போல எழுந்து வேறு அறைக்குப் போக அதனால் முடியாது. ஃபினாயிலும் வேண்டாம். பிளீச்சிங் பவுடரை மூத்திரம் ஊறிய தட்டில் கொட்டித் தேய்ப்பவர்கள் உடனே நிறுத்துங்கள். மூத்திரத்தின் அம்மோனியாவும் குளோரினும் கலந்தால் வரும் வாயு உங்கள் நுரையீரலையும் கெடுக்கும்.

காய்கறியை நிறுத்தியவர்களுக்கு ஒரு பழைய சேதி. 1907இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் அவற்றுக்கு வந்தது. நம்மைப்போலவே கினிப்பன்றியும் உடம்பிலேயே வைட்டமின் சி தயாரிக்க முடியாத இனம் என்பது உலகத்துக்குத் தெரியவந்த வழிகளில் அது முக்கியமானது. பெல்லட்டில் சேர்த்திருக்கும் வைட்டமின் சி மூட்டை பிரித்த நாளிலிருந்து குறைந்துகொண்டே போகும். குடைமிளகாயும் கொத்தமல்லியும் கொய்யாத் துண்டும் ஆடம்பரம் அல்ல. ஈக்குப் பயந்து அவற்றை நிறுத்தினால் மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், ஆறவேண்டிய காயம் ஆறாது. ஆறாத காயம் மறுபடியும் ஈயைத்தான் அழைக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று நீங்கள் கேட்பது நியாயம். விடை கூண்டின் ஈரத்தில் இருக்கிறது. கினிப்பன்றியின் புழுக்கை போட்ட சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். உலர்ந்த புழுக்கையில் ஈயின் புழு பிழைப்பது கஷ்டம். ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல் போடுகிறதே என்று புழுக்கையைப் பார்த்து நீங்கள் மலைக்கிறீர்கள். ஈக்கு வேண்டியது மூத்திரம் ஊறிய விரிப்பும், அதற்குள் புதைந்து அழுகிய கீரைக் காம்பும்தான். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் ஈ உங்கள் கூண்டில் குடும்பம் நடத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், ஏனென்றால் உங்களில் மிகப் பலர் தடுமாறுவது இதில்தான். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலையில், கூண்டைக் கழுவிச் சுத்தமாக வைக்கிறீர்கள். அன்று மாலையே ஒரு ஈ ஈரமான மூலையில் முட்டையிடுகிறது. ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை இடும். திங்களன்று புழு. நமது ஊர்ச் சூட்டில் புழுப்பருவம் நாலு நாளிலேயே முடிந்துவிடக்கூடும். வெள்ளியோ சனியோ அந்தப் புழுக்கள் ஈரத்தை விட்டு உலர்ந்த இடம் தேடி ஊர்ந்துபோகின்றன. கூண்டுத் தட்டின் அடி, பாயின் மடிப்பு, சுவரோர விரிசல் என்று எங்காவது ஒதுங்கி, கருஞ்சிவப்புக் கூட்டுப்புழுவாக அசையாமல் கிடக்கின்றன. மறு ஞாயிறு நீங்கள் கூண்டை அலசும்போது அவை கூண்டிலேயே இல்லை. வாரம் தவறாமல் கழுவியும் ஈ போகவில்லையே என்று நீங்கள் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இது. முட்டையிலிருந்து ஈயாவதற்கு வெப்பக் காலத்தில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். உங்கள் துப்புரவு அதைவிட வேகமாக நடக்கவேண்டும்: ஈரமான மூலை தினமும், முழு விரிப்பும் மூன்று நாளுக்கு ஒருமுறை. அடுத்த தடவை தட்டைத் தூக்கும்போது அதன் அடிப்பக்கத்தையும், அது இருந்த தரையையும் பாருங்கள். அங்கே கூட்டுப்புழு கிடந்தால் கூட்டி, பையில் இறுகக் கட்டி, அன்றைக்கே வெளியேற்றுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடிக்கவேண்டும். மூத்திரம் ஒன்று. இன்னொன்று, பல வீடுகளில் அதைவிடப் பெரியது, தண்ணீர் பாட்டில். முனையில் இருக்கும் உருண்டை சரியாக அடைக்காமல் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருக்கும். அதற்கு நேர் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மேலே உலர்ந்திருக்கும் மரத்தூள் அடியில் கூழாக இருந்தால், ஈ வளரும் இடம் அகப்பட்டுவிட்டது. பாட்டிலை மாற்றுங்கள், அல்லது கனமான பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து நாளுக்கு இரண்டு முறை மாற்றுங்கள்.

ஃப்ளீஸ் துணி விரிப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஃப்ளீஸ் ஈரத்தைக் கீழே கடத்திவிடுவதால் மேலே தொட்டால் உலர்ந்த மாதிரியே இருக்கும். அடியில் இருக்கும் துண்டோ பேடோ ஊறிக்கிடக்கும். தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து முடிவு செய்யுங்கள். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் ஃப்ளீஸ் ஈரத்தைக் கடத்தாமல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காய்வது பெரும்பாடு. அரைகுறையாகக் காய்ந்ததை விரிப்பதைவிட அந்த இரண்டு மாதமும் பழைய செய்தித்தாளை அடுக்கி அதன்மேல் புல் போட்டுவிடுவது மேல். தினமும் சுருட்டி எறியலாம். மரத்தூள் என்றால் இழைப்புளிச் சீவலாகப் பார்த்து வாங்குங்கள். பொடித் தூள் மூக்கில் ஏறும். தேவதாரு மரச் சீவல் கூடாது. தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டே இருப்பதால் அதுவும் வேண்டாம்.

பிளாஸ்டிக் தட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்த மாதிரி படிந்திருப்பது கினிப்பன்றியின் மூத்திரத்தில் உள்ள கால்சியம். சோப்புக்கு அது போகாது, அந்தப் படிவு நாற்றத்தையும் விடாது. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஊற்றிப் பதினைந்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் கரைந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்த பிறகு விரியுங்கள்.

காய்கறி கொடுக்கும் நேரத்தை நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய கீரையைத் தண்ணீர் வடியவிட்டுக் கொடுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். தட்டில் இருப்பதை எடுத்தால் மட்டும் போதாது. கினிப்பன்றி நல்ல துண்டாகப் பார்த்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் குடிலுக்குள் வைத்துத் தின்னும். குடிலைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளரித் துண்டும் தர்பூசணித் தோலும் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

கூண்டைச் சுற்றிப் பறப்பது எந்த ஈ என்று தெரிந்துகொள்வதும் உதவும். சாம்பல் நிறத்தில், முதுகில் நாலு கறுப்புக் கோடு ஓடினால் வீட்டு ஈ. ஈரமான விரிப்பைப் பாருங்கள். சிவந்த கண்ணுடன் பொடிப்பொடியாகக் காய்கறித் தட்டின் மேல் மிதந்தால் பழ ஈ. வினிகரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கூண்டுக்கு எட்டாத இடத்தில் ஒரு டம்ளரில் வைத்தால் அதில் விழும். கொசு மாதிரி மெலிந்து, கறுத்து, பூந்தொட்டிப் பக்கமே சுற்றினால் அது ஈரமண்ணில் வளரும் பூச்சி. புழுக்கை நல்ல உரம் என்று பச்சையாகவே தொட்டியில் கொட்டுபவர்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம். வெயிலில் காயவைத்துப் போட்டால் உரமும் ஆகும், பூச்சியும் வராது. குளியலறைச் சுவரில் ரோமத்தோடு ஒட்டிக்கிடப்பது சாக்கடை ஈ. அதற்கும் கூண்டுக்கும் சம்பந்தம் இல்லை; பெரியவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பச்சை, நீல ஈ ஒன்றே ஒன்று வீட்டுக்குள் வந்தாலும் உடனே கினிப்பன்றியைத் தூக்கி உடம்பு முழுக்கப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வெளியிலிருந்து ஈ வரும். சன்னலுக்கு வெல்க்ரோ வைத்த கொசுவலை அடிக்க ஆள் இருக்கிறார்கள். கொசுவுக்கு அடித்த வலையே வீட்டு ஈக்கும் போதும். கூண்டுக்கு மேல் வலை போட்டால் அது உள்ளே தொங்காமல் இழுத்துக் கட்டுங்கள், தொங்கினால் கடித்து விழுங்கிவிடும். கூண்டின் மேற்புறத்தைத் தாண்டிக் காற்று ஓடும்படி மேசை மின்விசிறியைத் திருப்பிவைத்தால் ஈ அந்தக் காற்றில் இறங்கி உட்காரச் சிரமப்படும். விரிப்பும் சீக்கிரம் உலரும். நேராகக் கினிப்பன்றியின் மேல் அடிக்கவேண்டாம். பசைத்தாள் மாட்டுவதானால் கூண்டிலிருந்து விலகி, உயரத்தில்.

இந்த மடலின் முக்கியமான வேண்டுகோளுக்கு இப்போது வரலாம். ஒவ்வொரு நாளும் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, உங்கள் கினிப்பன்றியின் பின்புறத்தைப் பாருங்கள். மடியில் துண்டை விரித்து உட்காரவைத்து, ஒரு கையால் மார்பைத் தாங்கி, மறு கையால் பின்பக்க ரோமத்தை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தோல் உலர்ந்து, வெளிர் நிறமாக இருக்கவேண்டும். ஈரம் இருக்கிறதா, மஞ்சள் கறை இருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா, புழுக்கை ஒட்டியிருக்கிறதா? ரோமத்தின் அடியில் ரவையைத் தூவிய மாதிரி வெளிர்மஞ்சளாகக் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. அந்த நிலையிலேயே நுண்சீப்பால் வாரி எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சில கினிப்பன்றிகளுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். பெருவியன், ஷெல்ட்டி போன்ற நீள்ரோம வகைகளுக்குப் பின்பக்க ரோமத்தைக் கத்தரித்துவிடுங்கள். மூத்திரத்தில் தோயும் நீளம் இருக்கவே கூடாது. கொழுத்தவை, மூட்டு வலி கண்டவை, பல் வளர்ந்து சரியாகத் தின்ன முடியாதவை ஆகியவற்றால் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ள முடியாது. வயதான ஆண்களுக்கு மலத்துவாரத்தை ஒட்டிய மடிப்பில் மென்மையான மலம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நாற்றம் கூண்டிலிருந்து வருகிறது என்று நினைத்து நீங்கள் கூண்டையே கழுவிக்கொண்டிருப்பீர்கள். அந்த மலத்தை எப்படி எடுப்பது என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு கண்ட நாளில் காத்திருக்கவே வேண்டாம்.

புழுவே வைத்துவிட்டால்? அதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலைக்குத் தள்ளாதீர்கள். தெரிகிற புழுக்களை இடுக்கியால் எடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தண்ணீரில் முக்கிக் கழுவவேண்டாம். நனைந்த ரோமத்தை மருத்துவரால் மெஷின் வைத்துக் கத்தரிக்க முடியாது. மாட்டுப் புண்ணுக்கு டர்பன்டைன் ஊற்றும் பழக்கத்தை நினைத்து இதற்கும் ஊற்றிவிடாதீர்கள், இந்தச் சின்ன உடம்பு தாங்காது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுக்காதீர்கள்: பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியே போனால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து அதைக் கொன்றேவிடும். நாய், பூனை மட்டும் பார்த்துப் பழகிய மருத்துவமனைகளும் இருப்பதால், "கினிப்பன்றி பார்ப்பீர்களா?" என்று இன்றைக்கே, எல்லாம் நன்றாக இருக்கும்போதே, போன் செய்து கேட்டு எண்ணைக் குறித்துவையுங்கள்.

கடைக்காரர்களைப் பற்றியும் ஒரு மனக்குறை உண்டு. நனைந்த மரத்தூளில் பத்துப் பன்னிரண்டை ஒன்றாக அடைத்துவைத்து, "கேரட் போடுங்க, வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்க, போதும்" என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனை, முயலோடு கினிப்பன்றியும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. கடை நடத்துகிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். அடுத்த முறை புல்லோ பெல்லட்டோ வாங்கப் போகும்போது பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஈரத் தூளில் நிற்கும் கினிப்பன்றிகளைக் காட்டி, அதை மாற்றும்படி அங்கேயே சொல்லுங்கள். வாடிக்கையாளர் ஐந்து பேர் சொன்னால் கடைக்காரர் செவிசாய்ப்பார்.

வீட்டில் வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். புழுக்கை கூட்டுவதையும், மிச்சக் காய் எடுப்பதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பின்புறம் பார்ப்பதைப் பெரியவர் ஒருவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவேண்டும். ஒன்பது வயதுக் குழந்தையின் தலையில் ஓர் உயிரின் பாதுகாப்பைச் சுமத்தக்கூடாது. ஊருக்குப் போகும்போது தீவனம் போட வருகிற பக்கத்து வீட்டாருக்கும் எங்கே பார்க்கவேண்டும் என்று ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

எவ்வளவு யோசித்தும் தினமும் இதற்கு நேரம் ஒதுக்க முடியாத வீடுகள் இருக்கும். வேலை மாற்றம், கைக்குழந்தை, வீட்டில் நோயாளி என்று காரணங்கள் உண்மையானவை. அப்படிப்பட்டவர்கள் கினிப்பன்றியைப் பூங்காவிலோ தெருமுனையிலோ விட்டுவிடாதீர்கள். ஒரு நாள்கூடத் தாங்காது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். ஏற்கெனவே கினிப்பன்றி வளர்க்கிற ஒருவரைத் தேடி, கூண்டோடு கொடுங்கள். கொடுக்கும்போது அதன் வயது, அது விரும்பித் தின்னும் கீரை, பாட்டில் சொட்டுகிற இடம், எந்த மூலையில் மூத்திரம் போகும் என்பது வரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். இந்த மாதம் முடிவதற்குள் அந்த முடிவை எடுத்துவிடுங்கள்.